நீளக் குச்சி, குட்டைக் குச்சி

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தலைப் பற்றிப் பேசச் சொல்லி எட்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு வந்தேன். எந்தக் கவுன்சில் எந்த வேலையைச் செய்கிறது, ஓட்டை எப்படி எண்ணுகிறார்கள், டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்கள் இனி என்ன ஆகும். மூன்றாவதற்கு நேரம் மிஞ்சுமா என்பது சந்தேகம்தான், என் வாய் எனக்குத் தெரியும்.

சரி, குப்பையிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பின்னை, அதாவது குப்பைத் தொட்டியை, காலையில் வந்து காலி செய்துகொண்டு போவது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். எடுத்துப்போன குப்பையை எங்கே கொட்டுவது, எரிப்பது என்பதெல்லாம் அதற்கு மேலடுக்கில், பல டிஸ்ட்ரிக்டுகளுக்கும் பொதுவாக இருக்கும் கவுண்டி கவுன்சில் பொறுப்பு. லண்டனில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு பரோ என்று எல்லாவற்றுக்கும் ஒரே கவுன்சில், அதனால் இந்தக் குழப்பம் அவ்வளவாகத் தெரியாது. வெளியே, இரண்டடுக்கு உள்ள ஊர்களில், 1974-லிருந்து இப்படித்தான் ஓடுகிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை இழுத்துக் கட்டப் பிளானிங் அனுமதி வேண்டுமா, டிஸ்ட்ரிக்ட். பள்ளிக்கூடம், நூலகம், முதியோர் பராமரிப்பு, ரோடு எல்லாம் கவுண்டி. கவுன்சில் டாக்ஸ் என்கிற வீட்டு வரிக்குப் பில்லை அனுப்புவது டிஸ்ட்ரிக்ட், அந்தப் பணத்தில் பெரும்பங்கு போவது கவுண்டிக்கு. வசவு மட்டும் பில் அனுப்பியவருக்கு.

என் நண்பர் ஒருவர் டிஸ்ட்ரிக்ட் தேர்தலில் நின்றார். நான் அவருடன் துண்டுப் பிரசுரம் போடப் போனேன். ஒரு வீட்டில் வயதான வெள்ளைக்கார அம்மா, நாங்கள் பேச வாய் திறப்பதற்குள் குடையை எடுத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் எங்களைத் தெருக்கோடி வரை நடத்திக் கூட்டிப்போய், ரோட்டில் இருந்த பள்ளத்தைக் குடை நுனியால் சுட்டிக் காட்டினார். நண்பர் மிகுந்த பணிவோடு, அம்மா, ரோடு கவுண்டியைச் சேர்ந்தது, நான் நிற்பது டிஸ்ட்ரிக்டுக்கு என்றார். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்புறம் எதற்குத்தான் நிற்கிறாய் என்று கேட்டார். நனைந்தபடி திரும்பி வந்தோம். ஆனால் அந்த அம்மாவுக்கு ஓட்டு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது.

இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலர் இன்னும் தெரியாமல் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியிருந்தால்தான் ஓட்டு என்பதில்லை. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள், ஆகவே அந்தப் பாஸ்போர்ட்டோடு இங்கே முறையான விசாவில் குடியிருக்கும் பதினெட்டு வயதானவர் பதிவு செய்துகொண்டு ஓட்டுப் போடலாம். நிரந்தர விசா இருந்தால் நிற்கவே செய்யலாம், டெபாசிட் பணம்கூடக் கட்ட வேண்டாம். நான் முதல்முறை போனபோது பெயரையும் விலாசத்தையும் சொன்னேன், சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். விரலில் மை வைப்பார்கள் என்று இடது கையை நீட்டிக்கொண்டு நின்றது வேறு கதை. இங்கே மையும் கிடையாது, லீவும் கிடையாது. ஒரு வியாழக்கிழமை, காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை, நூலில் கட்டிய ஒரு பென்சில், அவ்வளவுதான். 2023 மே 4 முதல் புகைப்பட அடையாளம் கேட்கிறார்கள். அதிலும் ஒரு வேடிக்கை, பெரியவர்களின் பஸ் பாஸ் செல்லும் என்றும் இளைஞர்களின் ரயில்கார்டு செல்லாது என்றும் வைத்தார்கள். நம் ஊர்ப் பாஸ்போர்ட் செல்லும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது எண்ணிக்கை. நண்பருக்காக எண்ணும் இடத்தில் ஏஜெண்டாக நின்றேன். விளையாட்டு அரங்கு, நீள மேசைகள், நள்ளிரவு, ஆறிப்போன டீ. ஒரு வார்டுக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும்போது ஆளுக்கு மூன்று ஓட்டு, மூன்றையும் ஒரே கட்சிக்குப் போடாமல் பிரித்துப் போட்ட சீட்டுகளை எண்ணுவதற்கு ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள், புல் பாவாடை என்று அதற்குப் பெயர். படம் போட்டுக் காட்டினால்தான் புரியும், ரேடியோவில் வேண்டாம். சந்தேகச் சீட்டுகள்தான் சுவாரசியம். ஒருவர் சிலுவைக் குறி போடாமல் ஒரு பெயருக்கு எதிரே சிரித்த முகமும் மற்றவர்களுக்கு எதிரே அழுத முகமும் வரைந்திருந்தார். செல்லும் என்றார் அதிகாரி. யாருக்குப் போட்டார் என்பது தெளிவாகத் தெரிந்தால் போதும்.

அப்புறம், நான் சொல்லியே ஆக வேண்டிய விஷயம், இரண்டு பேர் சமமாக வந்தால்? என் வீட்டில் இந்தக் கதையை ஆரம்பித்தால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள், நீங்கள் போக மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

வடகிழக்கில் பிளைத் என்று ஒரு துறைமுக ஊர், பழைய நிலக்கரி ஊர். 2017 மே மாதம் நார்தம்பர்லாந்து கவுண்டி கவுன்சிலுக்குத் தேர்தல். தெற்கு பிளைத் வார்டில் லிபரல் டெமாக்ரட் வேட்பாளருக்கு 356, கன்சர்வேடிவ் வேட்பாளருக்கு 356. திரும்ப எண்ணினார்கள், அதே 356. சாதாரணமாக இருந்தால் யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் மொத்தம் 67 இடம், கன்சர்வேடிவ் கட்சி அதுவரை 33 பிடித்திருந்தது. இன்னும் ஒன்று கிடைத்தால் 34, கவுன்சில் முழுக்க அவர்கள் கையில். அந்த ஒன்று இந்த 356-ல் வந்து மாட்டிக்கொண்டது!

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? தேர்தல் அதிகாரி உடனே திருவுளச்சீட்டுப் போல ஏதாவது ஒரு குலுக்கலில் முடிவு செய்ய வேண்டும், யார் மேல் அது விழுகிறதோ அவருக்குக் கூடுதலாக ஒரு ஓட்டு விழுந்ததாகவே கொள்ள வேண்டும். எந்தக் குலுக்கல் என்பது அவர் விருப்பம். காசு சுண்டலாம், உறையில் பெயர் போட்டு எடுக்கலாம். அங்கே குச்சி எடுக்க வைத்தார்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் கையில் நீளக் குச்சி வந்தது. 33 அப்படியே 33-ஆக நின்றது.

யோசித்துப் பாருங்கள், அந்த வார்டில் மழைக்குச் சோம்பி வீட்டில் இருந்த யாரோ ஒருவர், யாரோ ஒரே ஒருவர், மறுநாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு செய்தி கேட்டிருப்பார். உள்ளாட்சிக்குப் பொதுவாக மூன்றில் ஒருவர்தான் வருகிறார், ஆகவே அப்படி இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். இன்னொன்று, இதை நானே ஒருநாள் கூட்டிப் பார்த்துத்தான் கண்டேன். 2019 டிசம்பரில் பொதுத்தேர்தல், இதே பிளைத் ஊர் அடங்கிய பிளைத் வேலி தொகுதியை லேபர் கட்சியிடமிருந்து கன்சர்வேடிவ் பறித்தது, அந்த இரவின் முதல் அதிர்ச்சி அதுதான். வித்தியாசம் எவ்வளவு? 712. 356-ஐயும் 356-ஐயும் கூட்டுங்கள். ஒரு பொருளும் இல்லாத தற்செயல்தான், ஆனால் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம். மூன்றாவது விஷயம், ஒரே மூச்சில். பிளைத் வேலி என்று ஒரு டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலும் இருந்தது, 2009-ல் கலைத்து கவுண்டியோடு சேர்த்துவிட்டார்கள். 2023 ஏப்ரலில் சாமர்செட், நார்த் யார்க்‌ஷயர் ஆகிய இடங்களிலும் அதே கதை. 2024 டிசம்பரில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அதாவது கொள்கைத் திட்டம், மிச்சமிருக்கும் இரண்டடுக்கு ஊர்களையும் ஒரே அடுக்காக்கச் சொல்கிறது. பின்னுக்கும் பள்ளத்துக்கும் ஒரே அலுவலகம், குடை அம்மா சந்தோஷப்படுவார். ஆனால் மொத்தத்தில் கவுன்சிலர்கள் குறைவார்கள், ஒவ்வொருவருக்கும் ஓட்டர்கள் கூடுவார்கள், 356-க்கு 356 என்று வருவது இன்னும் அபூர்வமாகும், எனக்கு அதில்தான் வருத்தம்.

பதிவு செய்யக் கடைசி நாள் தேர்தலுக்குப் பன்னிரண்டு வேலைநாள் முன்னால், பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்... சரி, சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.