மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

வணக்கம் நேயர்களே. விடியப்புறம் ஐந்தே கால் மணிக்கு மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் மீன் பெட்டியோடு சைக்கிளில் போகிறவர்களுக்கு என்னைத் தெரியும். "என்ன டீச்சர், பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்று முதன்முதலில் கேட்டவர்களும் அவர்கள்தான். நாற்பத்தாறு வயதில் ஓடத் தொடங்கினேன். இப்போது ஐம்பத்திரண்டு. பஸ்ஸை இன்னும் பிடிக்கவில்லை.

மரதன் என்றால் நமக்கெல்லாம் பாடசாலை ஞாபகம்தான் வரும். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து ஓடினால் ஏறக்குறைய கல்முனை வரும். அந்த 195 மீற்றர் ஒட்டுத் தூரம் 1908இல் இலண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. அரச மாளிகையில் தொடங்கி, அரச குடும்பத்தின் இருக்கைக்கு முன்னால் முடியவேண்டும் என்று அளந்தார்கள். இன்றைக்கும் ஓடுகிறவன் கடைசி 195 மீற்றரில் அதற்காக மூச்சு வாங்குகிறான். நாங்களோ ஐந்து கிலோமீற்றர் றோட்டில் ஓடினாலும் மரதன் என்றே சொல்கிறோம். அது பரவாயில்லை. எனக்குப் பொறுக்காதது வேறு. வருடம் முழுக்கப் பிள்ளையை வாங்கில் இருத்தி வைத்துவிட்டு, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல் ஒரு காலையில் படலையடியில் நிறுத்தி விசில் ஊதுவது. அடுத்த நாள் வகுப்பில் பாதிப் பேர் நொண்டி நொண்டி வருவார்கள். நானும் இல்லப் பொறுப்பாசிரியையாக நின்று "ஓடு, ஓடு" என்று கத்தியவள்தான். அந்தப் பாவமும் என் கணக்கில் இருக்கிறது. எட்டுக் கிழமை கொடுங்கள் ஐயா, எட்டே கிழமை. கிழமைக்கு மூன்று நாள், முதலில் நடை, பிறகு மெல்லோட்டம். அதற்குக் காசும் வேண்டாம், மைதானமும் வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூச்சு முந்தும், எலும்பு பிந்தும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான், திரும்பத் திரும்பச் சொல்வேன், குறை நினைக்காதீர்கள்.

ஓடத் தொடங்கி மூன்று நான்கு கிழமையில் இளைப்புக் குறையும். "ஆகா, உடம்பு வந்துவிட்டது" என்று தோன்றும். வந்தது மூச்சு மட்டும். நரம்பு என்று நாம் சொல்கிற குதிநாணும் எலும்பும் வர மாதக் கணக்காகும். எலும்பு ஒரு றோட்டு மாதிரி. பாரம் கூடினால் தன்னைப் புதுப்பிக்கும். ஆனால் புதிது போடுவதற்கு முன்னால் பழையதைக் கிண்டும். கிண்டுவதற்கு இரண்டு மூன்று கிழமை, திரும்பக் கட்டுவதற்கு மூன்று மாதம். கிண்டிப் போட்ட றோட்டில் கல் லொறியை விட்டால் என்னவாகும்? அதைத்தான் நான் செய்தேன்.

கொழும்பில் ஓர் அரை மரதனுக்குப் பெயர் கொடுத்திருந்தேன், 21 கிலோமீற்றர். கிழமைக்கு இருபது கிலோமீற்றர் ஓடிக்கொண்டிருந்தவள், மூன்றே கிழமையில் நாற்பத்தைந்துக்கு ஏற்றினேன். அதுவும் போதாதென்று கடற்கரையில் தெற்குப் பக்கமாக ஓடி, திரும்பும்போது றோட்டால் வருவேன். ஈர மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். போகும் வழி முழுக்க இடது கால் பள்ளத்தில். மணல் மெத்தைதானே, காலுக்கு நல்லது என்று நினைத்தேன்.

இடது கணைக்காலில், உட்பக்கமாக, ஒரு நாணயமளவு இடத்தில் வலி. முதலில் ஓடத் தொடங்கும்போது இருந்து, உடம்பு சூடானதும் போய்விடும். இந்த வலி நம்மை ஏமாற்றும் வலி, கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓடும்போது முழுக்க இருந்தது. பிறகு வீட்டுப் படி ஏறும்போது. பிறகு இரவு படுத்திருக்கும்போதே. முன் எலும்பு நீளத்துக்குப் பரவலாக நொந்தால் பெரும்பாலும் கீறல் இல்லை, ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரு விரல் வைத்து "இந்த இடம்தான்" என்று காட்ட முடிந்தால், ஒற்றைக் காலில் துள்ளும்போது அதே இடத்தில் குத்தினால், அது வேறு. எலும்பில் மயிர்க் கீறலாக இருக்கலாம். எனக்கு அதுதான்.

எக்ஸ்ரே எடுத்தோம். ஒன்றுமில்லை என்றார்கள். சந்தோஷத்தில் இன்னும் ஒன்பது நாள் ஓடினேன்! தொடக்கத்தில் இந்தக் கீறல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எனக்கு அது தெரியாது. மூன்று கிழமை கழித்து எடுத்த படத்தில்தான், எலும்பு ஆறத் தொடங்கிய வெள்ளைத் தடிப்புத் தெரிந்தது. இடையில் பரியாரியாரிடமும் போனேன். பத்துக் கட்டியதில் பிழையில்லை, கட்டியிருந்தால் கால் ஆடாமல் இருக்குமே. எண்ணெய் போட்டு உருவியதுதான் பிழை.

எட்டுக் கிழமை ஓடக்கூடாது. வீட்டில் என் முகத்தைப் பார்க்க எல்லோருக்கும் பயம். அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து திண்ணையில் குந்தினார். வயது அறுபத்தெட்டு. பதினேழு தரம் கதிர்காமத்துக்கு நடந்து போனவர், வெறுங்காலோடு, தலையில் மூட்டையோடு.

"என்ன புள்ள, காலுக்கு என்ன நடந்த?"

சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நாங்க முதல் நாள் எங்க நிப்பாட்டுவம் தெரியுமா? ஆரையம்பதியோட."

கல்லடியிலிருந்து ஆரையம்பதி! ஓட்டோவில் கால் மணித்தியாலம் போகாது. எனக்கு நம்ப முடியவில்லை.

"அவ்வளவுதான் புள்ள. கோயிலடியில படுத்திருவம். விடியக்குள்ள நடப்பம், வெயில் ஏறினா மரத்துக்குக் கீழ. முதல் நாளே பாயுறவங்க பொத்துவில்ல பஸ் ஏறித் திரும்பிருவாங்க. உகந்தையில கால் நல்லா இருக்கணும். காட்டுக்குள்ள இறங்கக்குள்ளதான் காலுக்கு வேலை இருக்கு."

கதிர்காமத்துக்கு நடக்கிற வழி அப்படி: திருக்கோவில், பொத்துவில், உகந்தை, பிறகு கூமுனைக் காடு, கும்புக்கன் ஆறு, யால. விளையாட்டு விஞ்ஞானம் படித்தவர்கள் ஓட்டத்தைப் படிப்படியாக ஏற்று என்று சொல்வதை இந்தக் கரையில் பெரியம்மாக்கள் எத்தனையோ காலமாக ஆரையம்பதியில் படுத்துச் செய்து காட்டுகிறார்கள். அன்றிலிருந்து எனக்கு "ஆரையம்பதி" என்பது ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. கூடுதலாக ஓட மனம் இழுக்கும்போது, ஆரையம்பதி, ஆரையம்பதி என்று சொல்லிக்கொள்வேன். கூட ஓடுகிறவர்கள் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

எட்டுக் கிழமையில் சைக்கிளும் நீச்சலும் இருந்தன, மூச்சு விட்டுப்போகவில்லை. திரும்பியபோது ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, இப்படி ஆறு தரம். ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாவிக்கரையில் நடக்கிற ஐயாமாரெல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும். அடுத்த நாள் காலையில் கட்டிலிலிருந்து குசினிக்கு வைக்கிற முதல் அடிகள்தான் எனக்கு வைத்தியர். நொந்தால் ஒரு படி இறங்குவேன், நோகாவிட்டால் ஒரு படி ஏறுவேன். வீட்டுப் படி விளிம்பில் நின்று குதியை மெல்ல ஏற்றி இறக்குவதும் நாளாந்த வேலை, கெண்டைக்கால் பலமானால் எலும்புக்குப் பாரம் குறையும். அரை மரதன் அடுத்த வருடம் ஓடினேன். இரண்டு மணி நாற்பது நிமிடம். கேட்பீர்கள் என்று சொல்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி மணிக்கூட்டைக் காட்டுகிறார். சப்பாத்தைப் பற்றியும் கச்சான் காற்றுக் காலத்தில் ஓடுவதைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், நேரமில்லை. இளநீரும் உப்புப் போட்ட கஞ்சியும் மறக்க வேண்டாம், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்லாமல் போகமாட்டேன், தம்பி, ஒரு நிமிடம். ஓடுகிற பெண் பிள்ளைகளின் அம்மாமாரே, பிள்ளை மெலிந்தால் வேகமாக ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாப்பாடு குறைந்து ஓட்டம் கூடினால் மாதவிடாய் நின்றுபோகலாம். அது நின்றால் எலும்பு மெலியும், இந்தக் கீறல் பதினாறு வயதிலேயே வரலாம். மாதவிடாய் வராதது தொந்தரவு குறைந்ததென்று பிள்ளை சொல்லாமல் இருக்கும், நீங்கள் கேளுங்கள். மூன்று மாதம் வராவிட்டால் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். தட்டில் நெத்தலியை முள்ளோடு வையுங்கள், தயிர் வையுங்கள், குரக்கன் பிட்டு அவியுங்கள், சோற்றைக் குறைக்க

சரி, சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.