ரவையிலிருந்து தொடங்கும் துப்பாக்கி
(இலங்கை மலையகத்தின் பண்டாரவளையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களே, வணக்கம்.

இந்த மண்டபத்துக்குச் சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள தியத்தலாவையில், 1900ஆம் ஆண்டு முதல், பிரித்தானியருடனான போரில் பிடிபட்டுத் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 5,000 போயர் (டச்சு வம்சாவளிக் குடியேறிகள்) போர்க்கைதிகள் முகாமில் அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். எண்ணிக்கையில் சிறிய அந்தப் படை பிரித்தானியப் பேரரசைத் திணறடித்ததற்கு அவர்கள் கையிலிருந்த ஜேர்மன் மோசர் துப்பாக்கியும் ஒரு காரணம். தகட்டுப் பட்டியில் கோத்த ஐந்து ரவைகளை (தோட்டாக்களை) ஒரே அழுத்தில் அதற்குள் இறக்கிவிடலாம். எதிரே நின்ற பிரித்தானிய வீரரோ தமது துப்பாக்கியில் ரவைகளை ஒவ்வொன்றாக இடவேண்டியிருந்தது. திறந்த புல்வெளியில் நெடுந்தூரத்திலிருந்து வந்த அந்தச் சூடு, துப்பாக்கி எட்டும் தூரமே அதன் சிறப்பு என்ற எண்ணத்தைப் படைத்தலைவர்களிடம் வலுப்படுத்தியது. அதன்பின் பிரித்தானியர் அமைத்த குறுகிய லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியின் குறிகாட்டியில் 2,000 யார் (ஏறத்தாழ 1,830 மீற்றர்) வரை அளவு பொறிக்கப்பட்டிருந்தது.

துப்பாக்கியின் வடிவத்தைத் தீர்மானிப்பது ரவை; ரவையைத் தீர்மானிப்பது, தம் வீரர் எவ்வளவு தூரத்தில் சுடுவார் என்று படைத்தலைமை கொள்ளும் ஊகம். இந்த ஊகம் பிழைத்தபோதெல்லாம் அதற்கு விலை கொடுத்தவர்கள் சாதாரண சிப்பாய்களே என்பதை மனதிற் கொண்டே மேலே பேசுகிறேன்.

இரு உலகப் போர்களின் அனுபவமும் காலாட்படை பெரும்பாலும் 300 மீற்றருக்கு உட்பட்ட தூரத்திலேயே சுடுகிறது என்பதைக் காட்டின. அவ்வாறாயின் 2,000 யார் செல்லும் ரவையின் வெடிமருந்தும் எடையும் பின்னுதைப்பும் எதற்கு? ஜேர்மனியர் 7.92 மில்லிமீற்றர் குழல்விட்டத்துக்கான ரவையைக் குட்டையாக்கி எஸ்.ரி.ஜி. 44 துப்பாக்கியை உருவாக்கினர். சோவியத் நாடு 39 மில்லிமீற்றர் நீளக் கோது (வெடிமருந்து அடங்கிய உலோக உறை) உடைய 7.62 ரவையை வகுத்து, அதற்கென மிகைல் கலாஷ்னிகோவ் வடிவமைத்த துப்பாக்கியை 1949இல் ஏற்றுக்கொண்டது. அதன் சீனப் பிரதியே நம் நாட்டில் ஒவ்வொருவர் காதிலும் விழுந்துள்ள ரி-56.

இதன் பொறிமுறை கவனித்துப் பார்க்கத் தக்கது. சன்னம் (ரவையின் முனையிலுள்ள குண்டு) சுடுகுழலைக் கடக்கும்போது, குழலின் மேற்புறத் துளை வழியாகச் சிறிதளவு வாயு பிரிந்து ஒரு முசலத்தை (பிஸ்டனை) பின்னோக்கித் தள்ளுகிறது. முசலத்துடன் ஒன்றாக இணைந்த கனமான பாகம் பின்னே பாய்ந்து, ரவை அறையை மூடியிருக்கும் பூட்டைத் திருப்பித் திறந்து, வெற்றுக் கோதை வெளியே எறிகிறது. பின்னர் சுருள்வில் அதனை முன்தள்ள, அடுத்த ரவை அறைக்குள் ஏறுகிறது. அசையும் பாகங்களுக்கிடையே இடைவெளி தாராளமாக விடப்பட்டிருப்பதாலும், அந்தக் கனமான பாகத்தின் உந்தம் பெரிதாகையாலும், மண்ணும் சேறும் அதை எளிதில் நிறுத்துவதில்லை. கோது அடியிலிருந்து நுனிவரை சாய்வாகக் குறுகுவதால் அறையிலிருந்து இலகுவாகக் கழன்று வருகிறது. ரவைகளை அடுக்கி வைக்கும் ரவைக்கூடு வளைந்திருப்பதும் அந்தச் சாய்வினாலேயே. குறுகிய பயிற்சியுடன் எவரும் இதனைக் கையாளலாம். பொறியியலாளர் பெருமையாகக் கருதக்கூடிய இதே எளிமைதான், நம் நாட்டின் உள்நாட்டுப் போரில் இரு தரப்பிலும் பள்ளி வயதைச் சற்றே தாண்டியவர்களின் கைகளில், சில வேளைகளில் தாண்டாதவர்களின் கைகளிலும், இதனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மேற்கு நாடுகள் வேறு வழியில் சென்றன. பிரித்தானியர் நடுத்தர வலுவுள்ள .280 அங்குல ரவையை முன்வைத்தபோதும், அமெரிக்காவின் பிடிவாதத்தால் முழு வலுவுள்ள (சோவியத் ரவையிலும் நீண்ட) 7.62 ரவையே மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டணியான நேட்டோவின் நாடுகளுக்குப் பொதுவானது. பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். துப்பாக்கி அதற்கேற்ப மாற்றப்பட்டது. தொடர்சூட்டில் அதைக் கட்டுப்படுத்த இயலாமையால், பிரித்தானியர் அதன் தம் வகையான எஸ்.எல்.ஆர். துப்பாக்கியைத் தனிச்சூட்டுக்கு மட்டுமே அமைத்தனர்.

பின்னர் அமெரிக்காவே எதிர்த்திசையில் திரும்பி 5.56 ரவைக்கு மாறியது. நேட்டோவின் 7.62 ரவை ஏறத்தாழ 24 கிராம், 5.56 ரவையோ 12 கிராம். 210 ரவைகளைச் சுமந்தால் வித்தியாசம் இரண்டரைக் கிலோவாகும். நிறைந்த கொழுந்துக் கூடையுடன் செங்குத்தான மலையில் ஏறும் தாய்மாரைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, மேட்டில் ஒவ்வொரு கிலோவும் என்ன செய்யும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

எனினும் அந்த 5.56 ரவைக்கான எம்16 துப்பாக்கி வியட்நாமில் முதலில் தன் வீரர்களையே கைவிட்டது. அதன் வடிவமைப்பாளர் யூஜின் ஸ்டோனரின் அமைப்பில் வாயு மெல்லிய குழாய் வழியாகப் பூட்டுப் பகுதிக்கே நேராக வருகிறது. எடை குறைகிறது, ஆனால் கரியும் உள்ளேயே படிகிறது. அவ்வாறிருக்க வெடிமருந்து வகையை மாற்றினார்கள், ரவை அறைக்குக் குரோமியப் பூச்சு இடவில்லை, துப்புரவுக் கருவிகளையும் போதிய அளவில் வழங்கவில்லை. வெற்றுக் கோது அறைக்குள் சிக்கிக்கொள்ள, சண்டையின் நடுவே துப்பாக்கி உதவாமற் போனதால் வீரர்கள் உயிரிழந்தனர். 1967இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழு விசாரித்தது. வடிவமைப்பாளரைவிட, நன்றாக இயங்கிய ஒன்றில் போதிய சோதனையின்றி மாற்றம் செய்த நிர்வாகத்தையே நான் குற்றஞ்சாட்டுவேன். பூச்சும் துப்புரவும் சரியானபின் அதே துப்பாக்கி நம்பகமானதாயிற்று.

ஆப்கானிஸ்தான் மலைகளில் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. பள்ளத்தாக்கின் மறுகரையிலிருந்து 500 மீற்றருக்கு அப்பால் சுடும் எதிரிக்கு 5.56 ரவையால் தக்க பதில் கொடுக்க முடியவில்லை; இருப்பிலிருந்த 7.62 துப்பாக்கிகள் திரும்பக் கொண்டுவரப்பட்டன. எதிர்லயத்து (எதிர்மலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின்) மனிதரைக் கண்ணால் காணலாம், அங்கே நடந்து சேர முக்கால் மணி நேரமாகும் என்ற நிலத்தில் வாழும் நமக்கு இது வியப்பன்று. கவச உடையைத் துளைக்கும் தேவையும் சேர்ந்துகொள்ள, அமெரிக்க இராணுவம் 2022இல் 6.8 மில்லிமீற்றர் ரவைக்கான புதிய துப்பாக்கியைத் தெரிவுசெய்தது. அதன் விலை மீண்டும் எடைதான்: வீரர் சுமக்கும் ரவைகள் 210இலிருந்து 140ஆகக் குறைகின்றன.

காட்டுக்குள் அருகருகே மோதும் சண்டையில் இந்த 70 ரவைகளின் குறைவு கடுமையாக உறைக்கும். ஆகவே எல்லோருக்கும் கனமான துப்பாக்கியைக் கொடுப்பதைவிட, பெரும்பாலோர் 5.56 துப்பாக்கியை ஏந்த, அணியில் ஓரிருவர் மட்டும் நெடுந்தூரத்துக்கான 7.62 துப்பாக்கியை வைத்திருக்கும் கலப்பு முறையே அறிவுடையது என்பது என் கருத்து. பிரித்தானியர் ஆப்கானிஸ்தானில் செய்ததும் அதையே.