இரணைமடுக் குளக்கட்டில் கவனிக்க வேண்டியவை

வணக்கம் நேயர்களே. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மிகைநீரைத் திறந்துவிடும் வான்கதவடியில் நின்று படம் எடுப்பார்கள், கனகாம்பிகை அம்மனைக் கும்பிடுவார்கள், திரும்பிவிடுவார்கள். கால் மிதித்து நிற்கிற குளக்கட்டை யாரும் பார்ப்பதில்லை. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய வேலை 1920இல் முடிந்தது. கிளிநொச்சிக் குடியேற்றம் அதற்குப் பிறகு, 1936இல்தான். கட்டைப் பல தடவை உயர்த்தியிருக்கிறார்கள். கடைசித் திருத்தத்தில் 34 அடி நீர்மட்டம் 36 அடியானது.

நீர்ப்பக்கச் சரிவில் கருங்கல் அடுக்கியிருக்கும். சோழகம் என்கிற தென்மேல் காற்றுப் பிடித்தால் தெற்கிலிருந்து வரும் அலை நேரே இங்கேதான் அடிக்கும். கல்லை வெறும் மண்ணில் வைக்கக்கூடாது. அடியில் சரளை வேண்டும். இல்லாவிட்டால் அலை திரும்பும்போது இடுக்கால் மண்ணை இழுத்துக்கொண்டு போகும், கல் தாழும். ஓரிடத்தில் கல்வரிசை பள்ளமாகத் தெரிந்தால் காரணம் அதுதான்.

அடுத்தது துருசு, வயலுக்குத் தண்ணீர் விடுகிற மதகு. கட்டின் பலவீனமான இடம் இதுதான் என்பேன். கொங்கிறீற்றும் மண்ணும் சேருகிற விளிம்பில் தண்ணீர் வழி தேடும். துருசுக் குழாய்க்குள் வருகிற தண்ணீரால் பயமில்லை, குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி வருவதுதான் ஆபத்து.

வான்கதவுகளைப் படிப்படியாகத்தான் திறக்க வேண்டும். மழை உச்சத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்தால் கீழே முரசுமோட்டை, கண்டாவளை வயல்கள் தாங்காது. 2018 டிசம்பர் வெள்ளத்தை அந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

கட்டில் மரம் வைக்காதீர்கள். நிழலுக்கு நல்லதுதான், ஆனால் மரம் பட்டபின் வேர் உக்கி, அது போன வழி துளையாகிவிடும். கறையான் புற்றும் அப்படியே. புற்றுக்குப் பால் வார்ப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, கட்டுக்கு வெளியே உள்ள புற்றாக இருக்கட்டும்.

இனி வெளிப்பக்க அடிவாரம். குளம் நிறைந்திருக்கும்போது அங்கே கசிவு இருப்பது வழமை. ஒரு போத்தலில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் பயமில்லை, அளவு கூடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கலங்கலாக இருந்தால் உள்ளே மண் அரிபடுகிறது. உடனே நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். களிமண்ணால் மட்டும் அடைத்துவிடாதீர்கள், தண்ணீர் பக்கத்தில் வேறு வழி உடைக்கும். ஆட்கள் வரும்வரை கசிவின் மேல் முதலில் பருமணல், அதன்மேல் சரளை, மேலே கல் என்று போடுங்கள். தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது.