நம் ஊர்க் கதையை யார் சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டிலிருந்து பேசுகிறேன். செயற்கை நுண்ணறிவை வைத்துக் கதை எழுதலாமா என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். இன்று அதைப் பேசிவிடலாம்.

காங்கேயம் பக்கம் ஒரு பாட்டி தன் பசுவைச் சந்தையில் விற்கிறார். இதைக் கதையாக்கு என்று ஒரு செயலியிடம் கேட்டேன். மளமளவென்று எழுதித் தந்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பாட்டியின் கண்கள் குளமாகின்றன, நெஞ்சு கனக்கிறது, பசு திரும்பித் திரும்பிப் பார்க்கிறது.

நம் சந்தையை நினைத்துப் பாருங்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை படிகிறது. வாங்கியவர் தான் கொண்டுவந்த கயிற்றைப் போட்டு மாட்டை ஓட்டிப் போகிறார். பழைய கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் பாட்டி, புண்ணாக்குக் கடைக்குப் பாக்கி எவ்வளவு என்று மகனிடம் கேட்கிறார். அவர் அழுதார் என்று தனியாக எழுத வேண்டுமா? அந்தக் கேள்வி போதாதா?

கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிடுவதுதான் இந்தச் செயலிகளின் வேலை. ஆனால் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலைப் பாருங்கள், 1942இல் வந்தது. கொங்கு உழவர் வீட்டுப் பேச்சு நாவலில் ஏற வாய்ப்பே குறைவாக இருந்த காலம். அவர் அதைத்தான் ஏற்றினார். வட்டார நாவலின் முன்னோடி என்று இன்றும் கொண்டாடுகிறோம்.

ஜப்பானில் எழுத்தாளர் ரியே குடான் 2024 ஜனவரியில் அந்நாட்டின் பெரிய இலக்கிய விருதான அகுதாகவா பரிசு பெற்றபோது, பரிசு பெற்ற தன் நாவலில் ஏறக்குறைய 5 சதவீதம் சாட்ஜிபிடி தந்த வரிகள் என்று வெளிப்படையாகச் சொன்னார். பெரிய சர்ச்சையானது. ஆனால் அந்த வரிகள், கதைக்குள் வரும் செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லும் இடத்துக்கானவை. இயந்திரம் பேச வேண்டிய இடத்தில் இயந்திரத்தைப் பேசவிட்டார், அதை மறைக்கவும் இல்லை. எனக்கு அவர்மேல் மரியாதைதான்.

நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ, கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. 1994 திருத்தத்தில் சேர்ந்த வரி அது. அதைக் காட்டி யாரும் பெயர் போட்டுக்கொள்ளலாம். நான் போட மாட்டேன்.

கல்லூரி மலருக்கு எழுதும் தம்பி தங்கைகளே, பிழை பார்க்க இயந்திரத்திடம் கொடுங்கள், தகவல் கேளுங்கள். முதல் வரைவை மட்டும் நீங்களே எழுதுங்கள். தறிப்பட்டறையிலோ மஞ்சள் மண்டியிலோ கண்ணால் பார்த்த ஒன்றை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். அடுத்த காணொளியில் உங்கள் பெயரைச் சொல்லியே வாசிக்கிறேன்.