சும்மா இருந்ததும் குற்றமா?

அனைவருக்கும் வணக்கம். அழைப்பிதழில் 'குற்றவியல் சட்டத்தில் செய்யாமையும் காரணமும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்தே பாதிப் பேர் வராமல் இருந்திருப்பார்கள். துணிந்து வந்தவர்களுக்கு முதலில் ஓர் ஆற்றைக் காட்டுகிறேன்.

மழைக்காலம். ஆற்றில் தண்ணீர் ஏறிக் கிடக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் நடந்தே கடந்துவிடலாம் என்று இறங்கப் போகிறார். கரையில் ஒருவர் நிற்கிறார். இன்றைக்கு இறங்கினால் ஆள் மிஞ்சமாட்டார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இறங்குபவர் செத்தால் நல்லது என்றும் நினைக்கிறார். அதனால் வாயைத் திறக்கவில்லை. இறங்கியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கரையில் நின்றவர் கொலைகாரரா?

இது நான் கட்டிய கதை இல்லை. 1837இல் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் இந்திய தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவைக் கொடுத்தது. அதோடு சேர்த்த குறிப்புகளில் இந்த ஆறு வருகிறது. அவர்கள் சொன்ன பதில் இது: கரையில் நின்றவர், பயணிகளை எச்சரிப்பதற்காகவே அரசு நிறுத்திவைத்த பியூன் என்றால் கொலை. கூலி பேசிக் கூட்டிவந்த வழிகாட்டி என்றாலும் கொலை. மனிதனுக்கு மனிதன் என்பதைத் தவிர வேறு சம்பந்தம் இல்லாதவர் என்றால் கொலை இல்லை.

அதே நினைப்பு, அதே மௌனம், அதே பிணம். ஆனால் ஒருவருக்குத் தூக்குமேடை, இன்னொருவர் வீட்டுக்குப் போகலாம். இதே குறிப்புகளில் ஒரு மருத்துவரும் வருகிறார். இந்தியாவிலேயே அவர் ஒருவருக்குத்தான் அந்த அறுவை சிகிச்சை தெரியும். கல்கத்தாவிலிருந்து மீரட்டுக்குப் போகமாட்டேன் என்று மறுக்கிறார், நோயாளி இறந்துவிடுகிறார். அவரைக் கொலைகாரர் என்று சொல்ல முடியுமா என்று கேட்கிறார்கள். (ரயில் வராத காலம். அந்தத் தூரத்தை நினைத்துப் பாருங்கள்.)

வரைவு 1860இல் சட்டமானபோது இந்த யோசனை 32ஆம் பிரிவாக உட்கார்ந்தது. செய்கையைக் குறிக்கும் சொற்கள் சட்டவிரோதமான செய்யாமையையும் குறிக்கும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 3ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவில் அது அப்படியே இருக்கிறது. எண் மாறியது, சரக்கு மாறவில்லை. 'சட்டவிரோதமான' என்ற சொல்தான் இதில் உயிர். செய்யாமல் விட்டது தனியாகவே குற்றமாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒப்பந்தத்தை மீறியதுபோல, சிவில் வழக்குக்கு இடம் கொடுத்தாலே போதும். வழிகாட்டி மாட்டிக்கொள்வது இந்த வாசலில்தான்.

கடமை இல்லாத இடத்தில் குற்றம் இல்லை. சட்டக் கல்லூரியில் இதோடு பாடத்தை முடித்துவிடுவார்கள். தேர்விலும் அந்தக் கடமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு மதிப்பெண் போட்டுவிடுவார்கள். பெற்றோர், சிறைக் காவலர், ஒப்பந்தம், தானே உண்டாக்கிய ஆபத்து என்று பட்டியல் எழுதினால் பாஸ். நானும் அப்படி எழுதிப் பாஸானவன்தான். நீதிமன்றத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, கடமையை நிரூபிப்பது பெரும்பாலும் ஒரு காகிதத்தில் முடிந்துவிடும் என்று. நியமன உத்தரவைக் காட்டலாம், லைசென்ஸைக் காட்டலாம். கேஸ் உடைவது அடுத்த படியில். சரி, கடமை இருந்தது, செய்யவில்லை. அதனால்தான் இவர் செத்தாரா?

கத்தியால் குத்தினால் காயம் இருக்கிறது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஆழமும் அகலமும் சொல்வார். செய்யாமைக்கு அப்படி ஒரு தடம் இல்லை. நடக்காத ஒன்று நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீதிபதி கற்பனை செய்ய வேண்டும், அந்தக் கற்பனை சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவும் பட வேண்டும். ஆற்றங்கரைப் பியூனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கத்தியிருந்தாலும் அந்த வெளியூர்க்காரர் நின்றிருப்பாரா? மறுகரையில் மகள் கல்யாணம் என்றால்? 'இதைவிடப் பெரிய வெள்ளத்தையெல்லாம் பார்த்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு இறங்குகிற ரகமாக இருந்தால்? அந்தக் குறிப்பு இதற்குள் போகவில்லை. மௌனத்தால் சாவு விளைந்தது என்று வைத்துக்கொண்டுதான் மேலே பேசுகிறது.

இங்கிலாந்தில் 1847இல் ஒரு குதிரை வண்டிக்காரர் வழக்கு வந்தது. கடிவாள வாரைக் கையில் பிடிக்காமல் குதிரையின் முதுகில் போட்டுவிட்டு வண்டியில் நின்றுகொண்டு வந்தார். ஒரு சின்னக் குழந்தை குறுக்கே ஓடிவந்து அடிபட்டு இறந்தது. வாரைப் பிடித்திருக்க வேண்டியது அவர் கடமை, அதில் தகராறு இல்லை. பிடித்திருந்தால் குழந்தையைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று பாருங்கள், முடியாது என்றால் விட்டுவிடுங்கள் என்றார் நீதிபதி. ஜூரி விடுவித்தது.

அங்கேயே 2017இல் நடந்தது இன்னும் சங்கடமானது. கடலோரத்தில் ஓர் இசைவிழா. காதலன் கொடுத்த போதைப்பொருளை எடுத்துக்கொண்ட இளம்பெண் மணிக்கணக்கில் மோசமாகிக்கொண்டே போகிறாள். மருத்துவக் கூடாரம் சில நூறு மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அவன் அவளைக் கூட்டிப் போகவில்லை, போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவள் இறந்துவிட்டாள். ஜூரி குற்றவாளி என்றது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைக்க 90 சதவீத வாய்ப்பு என்று நிபுணர் சொல்லியிருந்தார். மீதி 10 சதவீதம் சந்தேகம்தானே என்றது நீதிமன்றம். சட்டப்படி அந்தத் தீர்ப்பில் குறை காண முடியாது. படித்துவிட்டு அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை, அது வேறு.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பட்டினி போடுவதில் சிக்கல் குறைவு. 1961இல் உச்ச நீதிமன்றத்தில் ஓம் பிரகாஷ் என்பவருடைய வழக்கு. மனைவியைப் பூட்டிவைத்து, சாப்பாடு கொடுக்காமல் எலும்பும் தோலுமாக்கினார். அந்தப் பெண் எப்படியோ தப்பித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார். ஒரு வேளை சோறு போடாததால் யாரும் சாவதில்லை, கொலை முயற்சி எங்கே இருக்கிறது என்பது எதிர்த்தரப்பு வாதம். ஒவ்வொரு வேளையையும் தனித்தனியாக எண்ண வேண்டாம், தொடர்ந்து நடந்த மொத்தத்தையும் பார் என்று சொல்லித் தண்டனையை உறுதி செய்தார்கள். இதில் கற்பனைக்கே வேலை இல்லை. சோறு போட்டிருந்தால் உடம்பு தேறியிருக்கும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஒருவர் செய்யாமல் விட்டதற்கும் சாவுக்கும் நடுவில் இன்னொருவருடைய கை புகும்போது. பம்பாயில் ஒரு பெயின்ட் தொழிற்சாலை. வார்னிஷும் டர்பன்டைனும் வைத்திருந்த அறையிலேயே அடுப்புகளை எரிக்க விட்டிருந்தார்கள். ஒருநாள் ஒரு தொழிலாளி அவசரமாக டர்பன்டைனை ஊற்றியதில் பொங்கி வழிந்து தீப்பிடித்து 7 தொழிலாளர்கள் இறந்தார்கள். 1965இல் உச்ச நீதிமன்றம் பொறுப்பாளரை, அஜாக்கிரதையால் சாவு விளைவித்ததற்கான 304-ஏ பிரிவின் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அங்கே அடுப்பு வைக்க விடாமல் இருந்திருந்தால் தீயே இல்லை என்பது உண்மைதான், ஆனால் அது மட்டும் போதாது, சாவுக்கு அது நேரடிக் காரணமாக இருக்க வேண்டும் என்றது. தீயை அஜாக்கிரதையாகக் கையாண்டதற்கான 285ஆம் பிரிவில் மட்டும் தண்டனை நின்றது. இந்த 285ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

அதற்கு அப்புறம் 304-ஏ வழக்கில் எதிர்த்தரப்புக்கு வந்த வக்கீல்கள் எல்லாரும் இந்தத் தீர்ப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வந்தோம். நான் ஜூனியராக இருந்தபோது ஒரு கேஸ். சாலையோரம் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம். தடுப்பு இல்லை, சிவப்பு விளக்கு இல்லை. ராத்திரி சைக்கிளில் வந்தவர் விழுந்து இறந்துவிட்டார். குடித்திருந்தார். எங்கள் கட்சிக்காரர் பள்ளம் தோண்டிய ஒப்பந்தக்காரர். என் சீனியர் குறுக்கு விசாரணையில் அதிகாரியிடம் கேட்டது ஒரே கேள்வி: "அவர் இருந்த நிலைமையில், விளக்கு இருந்திருந்தால் கண்டிப்பாகப் பார்த்திருப்பார் என்று சொல்ல முடியுமா?" அதிகாரி நேர்மையானவர். "கண்டிப்பாகச் சொல்ல முடியாது ஐயா" என்றார். கேஸ் முடிந்தது. வெளியே வந்து டீ குடித்தோம். இறந்தவருடைய அம்மா அதே டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்.

சரி, உபகார் வழக்குக்கு வருகிறேன். இன்றைக்கு நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான். 1997 ஜூன் 13. டெல்லி கிரீன் பார்க்கில் உபகார் திரையரங்கம், பிற்பகல் காட்சி. தரைத்தளத்தில் மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மர். அன்று காலையிலேயே அதில் தீப்பிடித்து, வாரிய ஊழியர்கள் வந்து ஒப்புக்குச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தார்கள். மாலை 5 மணி சுமாருக்கு மறுபடி பற்றியது. பக்கத்தில் நின்ற கார்கள் எரிந்தன. புகை மாடிப்படி வழியாகப் புகைபோக்கியில் ஏறுவதுபோல ஏறியது. 59 பேர் இறந்தார்கள், நூறு பேருக்கு மேல் காயம். இறந்தவர்கள் வெந்து சாகவில்லை, மூச்சு முட்டிச் செத்தார்கள்.

உரிமையாளர்கள் சார்பில் வைத்த வாதம் சாமானியமானது இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் எங்களுடையது இல்லை, வாரியத்துடையது. ரிப்பேர் பார்த்ததும் அவர்கள் ஆட்கள். தீ அதிலிருந்து வந்தது. அப்புறம் நாங்கள் எப்படிக் காரணம்? 1965 தீர்ப்பும் அவர்கள் கையில் இருந்தது.

2014 மார்ச்சில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கேள்வியின் முகத்தையே திருப்பிவிட்டது. தீ எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. இவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பது வேறு கேள்வி. உள்ளே இருந்தவர்கள் வேகமாக வெளியேற முடிந்திருந்தால், தீ எரிந்தும் அவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். பால்கனியில் கூடுதல் இருக்கைகளைப் போட்டு வலப்பக்க நடைபாதையை அடைத்திருந்தார்கள். வலப்பக்க வெளிவாசல் இருந்த இடத்தில் எட்டுப் பேர் உட்காரும் குடும்ப பாக்ஸ் வந்திருந்தது. தாழ்போட்ட கதவுகள், அணைந்த விளக்குகள், எழுந்து ஓடுங்கள் என்று அறிவிக்க ஒரு குரல்கூட இல்லை. ஆகவே சாவுக்கு நேரடிக் காரணம் டிரான்ஸ்ஃபார்மர் தீ இல்லை, வெளியேற வழி வைக்கத் தவறியதுதான் என்றது நீதிமன்றம்.

இதில் என்ன நடந்தது என்று பாருங்கள். காரணச் சங்கிலி அப்படியேதான் இருக்கிறது. நீதிமன்றம் எந்தக் கண்ணியில் விரலை வைத்தது? கடமை இருந்த கண்ணியில். காரணத்தைத் தனியாக நிரூபித்துவிட்டுக் கடமைக்குப் போகிறோம் என்று புத்தகங்கள் எழுதுகின்றன. நடைமுறையில் கடமைதான் எது காரணம் என்று காட்டிக்கொடுக்கிறது. ஆற்றில் வெளியூர்க்காரரைக் கொன்றது வெள்ளம்தான். பியூன் நிற்கும்போது பியூன் கொன்றார் என்கிறோம், வழிப்போக்கர் நிற்கும்போது வெள்ளம் கொன்றது என்கிறோம். இதைச் சொன்னால் என் நண்பர்கள் சிலர் கோபப்படுகிறார்கள். காரணம் என்பது உண்மை சம்பந்தப்பட்டது, அதில் நியாயத்தைக் கலக்காதே என்கிறார்கள். கலக்காமல் ஒரு தீர்ப்பைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கும்பகோணத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 2004 ஜூலை 16, பள்ளிச் சமையற்கூடத்தில் பிடித்த தீ வகுப்பறைக் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள். 21 பேர் மீதான விசாரணையில் 2014இல் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைத் தண்டித்து 11 பேரை விடுவித்தது. பொறி ஒரு காரணம், கூரை ஒரு காரணம், அந்தக் கூரையைப் பார்த்தும் கையெழுத்துப் போட்ட பேனா இன்னொரு காரணம். பேனாவை நிரூபிப்பதுதான் எப்போதும் கஷ்டம்.

சாலை விபத்தில் அடிபட்டவரைச் சுற்றி நின்று வீடியோ எடுக்கிறார்களே, அவர்களை உள்ளே போட முடியாதா என்று கேட்பீர்கள். எல்லாக் கூட்டத்திலும் இந்தக் கேள்வி வரும். இந்தியாவில் பொதுவாக முடியாது. வாகனத்தை ஓட்டி இடித்தவருக்கு உதவ வேண்டிய கடமை உண்டு, வேடிக்கை பார்ப்பவருக்கு இல்லை. உதவ வருபவரை போலீஸும் ஆஸ்பத்திரியும் இழுத்தடிக்கக் கூடாது என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். அது வருபவருக்குப் பாதுகாப்பு, வராதவருக்குத் தண்டனை இல்லை. பிரான்சில் நிலைமை வேறு. தனக்கு ஆபத்தில்லாமல் உதவ முடிந்தும் உதவாதவருக்கு 5 ஆண்டு வரை சிறை, 75,000 யூரோ வரை அபராதம். ஜெர்மனியில் ஓராண்டு வரை.

அந்த நாட்டுச் சட்டங்களில் எனக்குப் பிடித்தது கருணை இல்லை, தந்திரம். நீ உதவியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்ற கேள்விக்கே அவை போவதில்லை. சாவுக்கு உன்னைப் பொறுப்பாக்கவில்லை, உதவாமல் நின்றதற்கு மட்டும் தண்டனை என்கின்றன. நாம் இங்கே வழிப்போக்கருக்கு அப்படிச் சட்டம் போடலாமா என்றால் எனக்குத் தயக்கம்தான். நம் ஊரில் அது முதலில் யார்மேல் பாயும் என்று தெரியும். ஆனால் கடமை ஏற்கெனவே உள்ளவர்கள் விஷயத்தில் இந்தத் தந்திரம் வேண்டும். பெயின்ட் தொழிற்சாலை வழக்கில் 304-ஏ விழுந்தும் 285 நின்றதே, அதுதான். அது சாவைக் கணக்கில் எடுக்கவில்லை, தீயோடு விளையாடியதை மட்டும் பார்த்தது. உபகாரில் 1997 ஜூன் 12ஆம் தேதியும் அந்த வலப்பக்கப் பாதை அடைபட்டுத்தான் இருந்தது. அன்றைக்கே அது ஒரு கேஸாகியிருந்தால் எந்த வக்கீலும் காரணச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க முடியாது. 59 பேர் செத்து, 18 ஆண்டுகள் இழுத்து, 2015இல் உரிமையாளர்கள் இருவருக்கும் ஆளுக்கு 30 கோடி ரூபாய் அபராதம் என்று வந்ததைப் பற்றி நான் கருத்துச் சொல்லப்போவதில்லை.

நேரம் ஆகிவிட்டது, மணி அடிக்கிறார்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். அதற்கு முன்னால் தன்னார்வத் தம்பிகள் யாராவது அந்த இடப்பக்கக் கதவை அடைத்து அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளை நகர்த்திவிடுங்கள். மேடை ஏறியதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு மணி நேரமாக நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.