மண்டபத்துக்குச் சீமெந்து பூசுமுன்

வணக்கம் நேயர்களே. எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்கு மேலே இருக்கிற பழைய மண்டபத்தைப் பிரதேச சபை புதுப்பிக்கப்போகிறது என்று செய்தி வந்ததிலிருந்து, கடைத்தெருவில் என்னைக் காண்பவர்கள் எல்லாம் "சேர், திறப்பு விழா எப்போ?" என்றுதான் கேட்கிறார்கள். திறப்பு விழா இருக்கட்டும். நான் கட்டட வேலைகளைப் பார்த்தே ஓய்வு பெற்றவன். முதலில் சுவரைப் பற்றிப் பேச விடுங்கள்.

மலையில் குடியிருப்பவர்களுக்கு ஈரத்தைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் அலுமாரிக்குள் மடித்து வைத்த உடுப்பிலும் பூஞ்சணம் பிடிக்கிறது. ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்கள் பலவற்றைப் போல எங்கள் மண்டபமும் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் கண்டால் வெளியே விட்டுவிடும். சீமெந்து லேசில் விடாது. பழைய சுவரில் சீமெந்து பூசுவது, நனைந்த உடுப்புக்கு மேலே படங்கைக் கட்டிக்கொண்டு நிற்பது மாதிரி. நிலத்திலிருந்து ஏறுகிற ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஓரிரு மழைக்காலத்தில் பெயின்ட் கொப்பளிக்கும், உப்புப் பூக்கும், உள்ளே இருக்கிற சாந்து பொடிப்பொடியாக உதிரும். ஆகவே சீமெந்து வேண்டாம், சுண்ணாம்பு. இதைத் திரும்பவும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, சுவர் நன்றாக அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சாவி யார் கையில்?

ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே பழைய பிள்ளைக்காம்பரா, அதாவது வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம், ஒன்று பாழடைந்து கிடந்தது. தகரக் கூரை, கதவு கிடையாது. பெடியன்கள் மாலையில் கெரம் விளையாடுவார்கள். மாசி மாதம் வந்தால் காமன் கூத்துக்காரர்கள் மழைக்கு ஒதுங்கித் தப்பு மேளத்தைக் காய்ச்சி ஒத்திகை பார்ப்பார்கள். கல்யாணத்துக்கு அங்கேதான் சமையல். பிறகு அதைத் திருத்தி மண்டபமாக்கினார்கள். தரைக்கு டைல்ஸ், மேலே சீலிங், வாசலில் பெயர் பொறித்த கல். சுவருக்கு என்ன பூசினார்கள் என்று கேட்காதீர்கள்! மேளதாளத்தோடு திறந்தார்கள், நானும் போய் வடை சாப்பிட்டேன்.

அப்புறம் ஒரு மரண வீட்டுக்காக அதே தோட்டத்துக்குப் போனேன். நல்ல மழை. மண்டபத்தில் பெரிய பூட்டு. அதற்குப் பக்கத்திலேயே தறப்பாள் கட்டி, சனம் சேற்றில் நிற்கிறது. மண்டபம் வேண்டுமென்றால் கடிதம் கொடுக்க வேண்டுமாம், முற்பணம் கட்ட வேண்டுமாம், சாவி டவுனில் இருக்கும் ஒரு அலுவலகத்தில் இருக்கிறதாம். சாவு கடிதம் கொடுத்துவிட்டா வருகிறது? பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர், வெற்றிலையை மென்றபடி, "கதவு இல்லாத காலத்துல எல்லாரும் உள்ளுக்கு இருந்தோம் சேர்" என்றார்.

நுவரெலியா தபால் நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். 1894இல் கட்டிய செங்கல் கட்டடம். அதை ஹோட்டலுக்குக் கொடுக்கிற திட்டத்துக்கு எதிராக 2023இல் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். தினமும் ஆட்கள் முத்திரை வாங்கவும் காசு அனுப்பவும் ஏறி இறங்குகிற படி அது. அப்படிப் புழங்குகிற இடத்துக்காகத்தான் சனம் குரல் கொடுக்கும். கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடான ஒரு லயத்தைத் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். லயத்தை லயமாகவே வைத்துக் காட்டுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

எங்கள் மண்டபத்தில் வாசிகசாலை இருக்கட்டும், தையல் வகுப்பு நடக்கட்டும், கூத்துக்காரருக்கு வாடகை வேண்டாம். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது, மண்சரிவுக்குப் பயந்து ஓடியவர்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும்தானே படுத்தார்கள்? ஆகவே டைல்ஸுக்கு முன்னால் மலசலகூடமும் தண்ணீர்த் தாங்கியும் வரட்டும். அப்புறம் சுண்ணாம்பு...

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார். காசு விஷயத்தை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்யத் தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள். ஆகவே "தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இல்லை" என்று யாராவது சொன்னால் அந்த வருடத்தைச் சொல்லுங்கள். எங்கள் மண்டபம் டவுனில் இருக்கிறது, அதற்கு அந்தச் சாக்கும் கிடையாது. 2025 மே தேர்தலில் நீங்கள் வாக்களித்த உறுப்பினரிடம் மதிப்பீட்டுப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் சுவர்ப்பூச்சு என்ற வரியைப் பாருங்கள். சாவி யாரிடம் என்பது அதில் எழுதியிருக்காது, அதை வாயால்தான் கேட்க வேண்டும். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.