சாயங்காலம் மட்டமா நின்ன மோட்டார்ஹோம் காலையில சாய்ஞ்சிருக்கே, ஏன்?

அடுத்த கேள்வி, வீடு மாதிரி உள்ளயே தங்குற மோட்டார்ஹோம் வண்டியைப் பத்தி. "மோட்டார்ஹோமை நிறுத்தி லெவல் பட்டனை அமுக்கினேன், பச்சை விளக்கும் எரிஞ்சது. காலையில பார்த்தா வலது பின் மூலை மட்டும் இறங்கிக் கிடக்கு. ராத்திரி சின்னக் கம்ப்ரசர் ரெண்டு மூணு தடவை தானா ஓடுச்சு. ஏர் பேக் போச்சா?"னு கேட்டிருக்காரு.

இங்க ஏர் பேக்னா விபத்துல விரியறது இல்ல, ஸ்பிரிங் மாதிரி பாடியைத் தாங்குற காத்துப் பை. அதைக் கழட்ட அவசரப்படாதீங்க. முதல்ல அந்தப் பட்டனை அமுக்கினா என்ன நடக்குதுனு பார்ப்போம். வண்டி ஓடுறப்போ உயரத்தைப் பார்த்துக்கறது ஹைட் வால்வு. ஆக்சில்ல இருந்து ஒரு சின்னக் கம்பி அதுக்குப் போகும். பாரத்துல பாடி இறங்கினா பேக்குக்குக் காத்து ஏத்தும், பாடி மேல வந்தா காத்தை வெளியேத்தும். லெவல் மோடுக்கு வந்துட்டா பெரும்பாலான வண்டியில இந்த வால்வை ஒதுக்கி வெச்சுட்டு, கரண்டுல திறந்து மூடுற சோலனாய்டு வால்வுகள் வேலையை எடுத்துக்கும். மேட்டுப் பக்கம் புஸ்ஸுனு காத்தை இறக்கும், பள்ளத்துப் பக்கம் ஏத்தும். மட்டம் வந்ததும் எல்லாத்தையும் மூடிடும். அதுக்கப்புறம் பேக்குல அடைச்ச காத்துதான் வண்டியைத் தாங்குது.

இங்கதான் விஷயம். பொடிக் கசிவு இருந்தா ஓடுறப்போ தெரியவே தெரியாது, ஏன்னா ஹைட் வால்வு குறையக் குறைய நிரப்பிக்கிட்டே இருக்கும். லெவல் மோடுல நின்னாத்தான் அது குட்டு வெளிப்படும். ராத்திரி கம்ப்ரசர் ஓடினதுக்கும் அதுதான் காரணமா இருக்கணும். மூலை இறங்குது, சென்சார் பார்க்குது, மறுபடி ஏத்தப் பார்க்குது. நடுவுல உங்க பேட்டரி கரையுது.

குளிரும் ஒரு காரணம்தான், மறுக்கல. சாயங்காலம் 30 டிகிரி, விடியக்காலம் 10 டிகிரினா அடைச்ச காத்து கிட்டத்தட்ட 7 சதவீதம் சுருங்கும். ஆனா குளிர் நாலு மூலையையும்தான் பிடிக்கும். உங்களுக்கு ஒரே மூலை. அதனால எனக்குக் கசிவு மேலதான் சந்தேகம்.

இன்னைக்கு ராத்திரி ஒரு டேப் எடுத்து, வீல் ஆர்ச் விளிம்புலேர்ந்து தரை வரைக்கும் நாலு மூலையையும் அளந்து எழுதி வைங்க. ஆட்டோ லெவலை ஆஃப் பண்ணிட்டுப் படுங்க, இல்லேன்னா அது திருத்திக்கிட்டே இருக்கும், கணக்கு தப்பிடும். காலையில மறுபடி அளங்க. அதே மூலை ரெண்டு விரக்கடை இறங்கியிருந்தா சோப்புத் தண்ணி எடுத்துக்கோங்க. குழாய் மூட்டு, சோலனாய்டு காத்து விடுற ஓட்டை, கடைசியா பேக்கோட மடிப்புனு தடவி, எங்க குமிழி வருதுனு பாருங்க. நான் பார்த்த வரைக்கும் பேக் கிழிஞ்சதை விட, வால்வுல தூசி உக்காந்து சரியா மூடாம போனதுதான் அதிகம்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன். காத்தை நம்பி வண்டிக்கு அடியில தலையை விடாதீங்க. பேக்கோ குழாயோ விட்டுச்சுன்னா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள மொத்த பாடியும் கீழ வந்துடும். எடை தாங்குற ஸ்டாண்டை சேஸிஸுக்கு அடியில வெச்ச பிறகுதான் உள்ள போகணும்.

கேஸ்ல ஓடுற அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் வெச்சிருந்தா, சரி பண்ற வரைக்கும் சாய்வுல அதை ஓட விடாதீங்க. உள்ள இருக்கற அம்மோனியாக் கரைசல் தன் எடையிலதான் கீழ ஓடி வரணும். சாய்ஞ்சா தேங்கிடும், பாய்லர் சூடேறி ஃபிரிட்ஜே வீணாகிடும். கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

அப்புறம், கிளம்பும்போது டிராவல் மோடு, அதாவது உயரத்தை மறுபடி ஹைட் வால்வு பார்த்துக்கற நிலைக்கு மாத்தணும். நான் ஒரு தடவை மறந்துட்டேங்க. பின்பக்கம் இறங்கினபடியே எடுத்தேன், முதல் வேகத்தடையிலேயே டயர் ஆர்ச்சுல உரசி ரப்பர் வாசனை வந்துச்சு. பிரேக்கை விட்டா தானா டிராவலுக்கு மாறுற வண்டியும் இருக்கு. இருந்தாலும் இன்ஜினை ஓட விட்டு, காத்து அழுத்தம் முழுசா ஏறினதும் இறங்கி ஒரு சுத்து வந்து, நாலு வீல் ஆர்ச்சுலயும் இடைவெளி பழைய மாதிரி வந்துடுச்சான்னு பார்த்துட்டு எடுங்க.